படமில்லாத துண்டுப்பிரசுரம்

என் தங்கையின் மகளுக்குப் பிறந்த ஆண்குழந்தை 31 மணித்தியாலங்கள் உயிரோடிருந்தது. பெயர் வைத்தோம், குளிப்பாட்டிக் கபனிட்டு, ஜனாஸாத் தொழுது அடக்கினோம். நாற்பது கழியுமுன் குழந்தையின் வாப்பாவுடைய கூட்டாளிகள் ஒரு நல்லெண்ணத்தோடு வந்தார்கள். பிள்ளையின் ஞாபகமாக ஊரில் பணம் சேர்த்து, ஆஸ்பத்திரியின் சிசுப் பிரிவுக்கு மஞ்சட்காமாலைப் பிள்ளைகளைக் கிடத்தும் நீல விளக்கொன்று வாங்கிக் கொடுப்போம் என்றார்கள். துண்டுப்பிரசுரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

மாதிரிப் பிரதியில் குழந்தையின் படத்தைப் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாயோடு கண்மூடிக் கிடக்கும் படம். நானும் சரியென்றுதான் சொன்னேன். மருமகள் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"மாமா, என்ட புள்ளயக் காட்டியா காசு எடுக்கப் போறீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இளைஞர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் குழந்தைகள் பிறந்து 28 நாட்களுக்குள் இறந்தார்கள். இந்தக் கணக்கை வாசிக்கும் எவரும் பணப்பையைத் திறப்பதில்லை. ஒரு முகத்தைக் கண்டால் திறக்கிறார்கள். மனித மனம் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஒரு பிள்ளையைக் காப்பாற்றினால் என்ன பிழை?

நான் யோசித்தது இதுதான். உயிரோடு பிறந்து இறந்த குழந்தையை நமது ஷரீஅத் முழு மனிதனாகவே கொள்கிறது. அதற்குத் தொழுகையுண்டு, வாரிசுரிமையும் உண்டு. ஒரு மணித்தியாலமே வாழ்ந்தாலும் சொத்தில் பங்கு பெறும். சொத்துக்கு உரியவனான ஒருவனுக்குத் தன் முகம் மட்டும் உரியதில்லையா? பெரியவர் ஒருவர் மூக்கில் குழாயோடு கிடந்த படத்தை அவர் மௌத்தான பின் வீடு வீடாகக் கொடுப்போமா? சின்னப் பிள்ளை என்பதால் கேட்காமலே எடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் உறுத்தியது. "பாருங்க, இந்தப் பிள்ளையால எத்தனை பிள்ளைகள் பிழைக்கப் போகுது" என்று தாயிடம் ஆறுதல் சொல்லத் தொடங்கியிருந்தோம். அந்த மரணத்துக்கு ஒரு பிரயோசனம் கண்டுபிடிக்கும் அவசரம் நமக்கு. ஹிஜ்ரி 10இல் நபியவர்களின் (ஸல்) மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தினால்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். மகனுக்காக அழுதார்கள்; ஆனால் அவனது மரணத்தை ஓர் அதிசயமாக்க விடவில்லை. விளக்கு வாங்குவது நன்மை. பிள்ளை போனது இழப்பு. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி ஒன்றை மற்றதால் கழிக்க முடியாது.

படத்தை எடுத்துவிட்டோம். பெயரை மட்டும் போடலாம் என்று மருமகளே சொன்னாள். "படமில்லாட்டி காசு சேராது சேர்" என்றார் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு திரிந்த இளைஞர். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. இரண்டு மாதத்தில் முடிந்திருக்கக் கூடிய வேலை எட்டு மாதம் இழுத்தது. விளக்கில் பெயர் பொறிக்க வேண்டுமா என்று கேட்டபோது மருமகள் வேண்டாமென்றாள். "அவன்ட பேரு எனக்குத் தெரியும். அல்லாஹ்வுக்குத் தெரியும்." பெயர் இருந்தால் நல்லது என்றிருந்த கணவரும் அதற்குமேல் பேசவில்லை.

நாங்கள் செய்தது சரியென்றே இன்றும் நம்புகிறேன். ஆனால், தாமதமான அந்த ஆறு மாதத்தில் இருந்த ஒரு விளக்குக்காக எந்தப் பிள்ளையாவது காத்துக் கிடந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது. ஒரு பிள்ளையின் கண்ணியத்துக்கு நாங்கள் கொடுத்த விலையை முகம் தெரியாத இன்னொரு தாய் கட்டியிருக்கவும் கூடும். அவளும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பாளாயின், அதற்கும் என்னிடம் பதிலில்லை.