விளக்கேற்றித் தேடிய பெண்



லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மூன்று உவமைகளைச் சொல்கிறார். காணாமற்போன ஆட்டைப் பற்றியும் ஊதாரி மைந்தனைப் பற்றியும் பல பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். அவை இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் நிற்கிறாள். அவளிடம் இருந்த பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்று தொலைந்துபோயிற்று. அவள் விளக்கேற்றி, வீட்டைக் கூட்டி, கிடைக்கும்வரை தேடுகிறாள். ஏன் தொலைத்தாய், உனக்குப் பொறுப்பில்லையா என்று ஆண்டவர் அவளைக் குறைகூறவில்லை.

இத்தனை ஆண்டுகள் வாசித்தும் இதை நான் கவனிக்கவில்லை. கவனிக்கச் செய்தவர் சப்ரகமுவவில் ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழும் 42 வயதுத் தாய். அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன்.

இறப்பர் மரத்தை விடியற்காலையில் வெட்டி, சில மணி நேரத்துக்குள் பால் எடுத்துவிட வேண்டும். தவறினால் பால் சிரட்டையிலேயே உறைந்துவிடும். இவர் ஒரு வரிசை மரங்களையே மறந்துவிடுவார். அடுப்பில் சோறு கொதிக்க, பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய், வழியில் வேறொரு வேலையில் இறங்கிவிடுவார். பிள்ளையின் கிளினிக் கொப்பியை வைத்த இடம் தெரியாது. பூசைக்கு எப்போதும் பிந்தியே வருவார். சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்ற பெயர்களைச் சிறுவயதிலேயே வாங்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில், பலர் பார்க்க, நானும் அவரைக் கடிந்துகொண்டேன்.

பாடசாலையில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத மகனை அவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மகனைப் பற்றி டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் தம்மைப் பற்றியதாகவே அவருக்குப் பட்டது. பல தடவை விசாரித்த பின், மகனைப்போலத் தாய்க்கும் ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு உண்டென்று டாக்டர் கூறினார்.

இது சோம்பலுமல்ல, புத்திக்குறைவுமல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும், தொடங்கியதை முடிப்பதும் இவர்களுக்குக் கடினம். 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரையாற்றியபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே அதை விளக்கினார். 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கைந்நூல் கவனத்தை முன்வைத்து இதற்குப் பெயரிட்டது. ஓடித்திரியும் பையன் எல்லார் கண்ணிலும் படுகிறான். மூலையில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியை யாரும் காண்பதில்லை. அவள் அப்படியே வளர்ந்து தாயாகிவிடுகிறாள்.

அந்தத் தாய் பங்குமனைக்கு வந்து அழுதார். "சாமி, மகனுக்கு எட்டு வயசுல தெரிஞ்சிருச்சு. எனக்கு நாப்பத்திரெண்டு வயசுலதான் தெரியுது. நடுவுல போன வருஷத்த யாரு சாமி திருப்பித் தருவா? இத்தன நாளா பாவம், பாவம்னு அழுதேனே, அது பாவமா, வருத்தமா?"

முதற் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. கோவில் வாசலில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இழந்த காலத்துக்காக அழுவது விசுவாசக் குறைவல்ல. இலாசரின் கல்லறையில் ஆண்டவரும் அழுதார்.

இரண்டாம் கேள்விக்குத் திருச்சபையின் போதனையில் விடை உண்டு. அறிந்து, மனம் ஒப்பிச் செய்வதே பாவம். மறதி பாவமல்ல. ஆயினும் மறதியால் வந்த எரிச்சலில் பிள்ளையை அடித்திருந்தால், அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். விளக்கு தானாகக் காசை எடுத்துக் கொடுப்பதில்லை. தேடுவதற்கு வெளிச்சம் கொடுக்கிறது. கூட்டுவதும் தேடுவதும் அவள் கையில்தான் இருக்கின்றன. இன்று அந்தத் தாய் டாக்டர் கொடுத்த மாத்திரையை எடுக்கிறார். பால் எடுக்கும் நேரத்துக்குக் கைத்தொலைபேசி மணி அடிக்கிறது. கிளினிக் கொப்பி கதவருகே ஆணியில் தொங்குகிறது. இன்னமும் சிலவேளை மறக்கிறார்; ஆனால் தம்மைத் திட்டிக்கொள்வதில்லை.

மறதியெல்லாம் இந்தக் குறைபாடு என்று எண்ணிவிடாதீர்கள். இரத்தக்குறைவும் நித்திரையின்மையும் மனக்கவலையும் மறதியைத் தரும். அதைத் தீர்மானிப்பவர் டாக்டர். மனநலப் பிரிவுக்குப் போக வெட்கப்பட வேண்டாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் பேசியும் ஆலோசனை கேட்கலாம்.

உவமையின் முடிவைப் பாருங்கள். காசைக் கண்டெடுத்தவள் தோழியரையும் அயலவரையும் அழைத்துத் தன்னோடு மகிழச் சொல்கிறாள். லயத்தில் இரு வீட்டுக்கு ஒரே சுவர்; அடுத்த வீட்டுப் பேச்சு காதில் விழாமலிராது. அவளைப் பைத்தியம் என்று பேசும் அயலவராக இருக்கப்போகிறோமா, அவள் அழைக்கும்போது மகிழ்ந்து போகும் அயலவராக இருக்கப்போகிறோமா? கணவன்மாரே, கங்காணிமாரே, ஆசிரியர்களே, என்னைப் போன்ற குருக்களே, அடுத்த முறை பிந்தி வருகிறவளைக் கடிந்துகொள்ள வாய் திறக்குமுன், அவள் எந்த இருட்டில் தேடிவிட்டு வருகிறாள் என்று ஒரு கணம் எண்ணிப்பார்ப்போம்.