காணச் செல்வதும் கேட்கச் செல்வதும்



சிரம்பான் நகரில் பழைய கத்தோலிக்கக் கோயில் ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறிவர். அதன் பெயர் ஒரு சந்திப்பைக் குறிக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. மர்யம் அம்மையார் தம் உறவினரான எலிசபெத் அம்மையாரைக் காணச் சென்ற சந்திப்பு அது.

லூக்கா சுவிசேஷத்தின் முதல் அத்தியாயம் அதைக் கூறுகிறது. எலிசபெத் வயது முதிர்ந்தவர். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. செய்தி அறிந்த மர்யம், தாமும் கருவுற்றிருந்த நிலையில், மலைநாட்டை நோக்கி விரைந்து சென்று ஏறத்தாழ மூன்று மாதம் உடன் தங்கினாராம். 1389ல் ரோமாபுரி இதைப் பொதுத் திருநாளாக்கியது. ஒரே காலத்தில் இரு போப்பாண்டவர்கள் இருந்து, கிறிஸ்தவ சமூகம் பிளவுபட்டுக் கிடந்த நேரம் அது. அப்பிளவு நீங்க வேண்டும் என்ற வேண்டுதலோடு பிறந்தது இத்திருநாள். ஜூலை 2ல் நடந்து வந்த விழா, 1969ல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது மே 31க்கு மாற்றப்பட்டது.

அந்த எலிசபெத்தின் கணவர் யார்? நம் ஜகரிய்யா நபி (அலை) அவர்களே. பிறந்த மகன் யஹ்யா நபி (அலை). தள்ளாத வயதில் ஜகரிய்யா நபி பிள்ளை வரம் கேட்டதைத் திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயம் உருக்கமாகச் சொல்கிறது. ஈசா நபி (அலை) அவர்களைப் பற்றிய கொள்கையில் நமக்கும் கிறிஸ்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், துணை தேவைப்பட்டவரைத் தேடிச் சென்ற ஒரு பெண்மணியின் செயலில் நமக்குப் பாடம் இல்லை என்று யார் சொல்வார்?

இதை எழுதும்போது என் நெஞ்சம் சுடுகிறது. நான் தோட்டக் கடை வைத்திருந்த காலத்தில், சம்பள நாள் தவறாமல் கணக்குப் புத்தகத்துடன் லயத்துக்குப் போவேன். பால்மரம் வெட்டும் கிறிஸ்தவர் ஒருவர் நெடுநாள் வாடிக்கைக்காரர். ஒரு மாதம் அவர் மனைவி வாசலுக்கு வந்து, "அவரு படுத்த படுக்கையா இருக்காரு பாய், இந்த மாசம் இவ்வளவுதான்" என்று பணத்தை நீட்டினார். எண்ணி வாங்கி, பற்றில் கழித்துக்கொண்டு திரும்பினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த சம்பள நாளில் அவர் மண்ணுக்குள் இருந்தார்.

நான் செய்தது குற்றமா? கடனைக் கேட்பது ஹலாலான உரிமை. கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகச் சென்றால் பிழைப்பு என்னாவது என்று கேட்பதும் நியாயமே. ஆனால், கடன் கேட்கத் தெரிந்த வழி நலம் கேட்க மட்டும் ஏன் மறந்துபோகிறது? மர்யம் அம்மையாருக்கும் தம் பாரம் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்லி அவர் வீட்டிலிருக்கவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீடு தேடிச் சென்று, தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்று புகாரி ஷரீஃபில் வருகிறது. நோயாளியைக் காணச் செல்வதற்கு மார்க்கம் வேலியாக நிற்கவில்லை.

சகோதரர்களே! நம் வாடிக்கைக்காரர் எவரேனும் நோயில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால், சம்பள நாள் அல்லாத ஒரு நாளில் போய் வாருங்கள். கணக்குப் புத்தகம் கடையிலேயே இருக்கட்டும்.