பார்வைக்கும் பொறுப்பு உண்டு

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது போனக்காடு. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு நடைப்பயணம் தொடங்குவதும் அங்கிருந்துதான். ஆனால் அங்கே செல்லும் பலரது கண்கள் சிகரத்தை நாடுவதில்லை. பேய் உலவுவதாகப் பேசப்படும் பாழடைந்த பங்களாவையே தேடுகின்றன. வழியிலுள்ள லயன் வீடுகளும், தோட்டம் நலிந்தபின் வருவாய் இழந்த தொழிலாளர் குடும்பங்களும் அவர்கள் பார்வையில் படுவதில்லை.

‘நான் கவனிக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், அது குற்றத்திலிருந்து விடுதலை தருமா?

கவனத்தைத் தானே ஈர்க்கப்படுவது, முயன்று செலுத்தப்படுவது என இரண்டாகப் பிரித்தார் வில்லியம் ஜேம்ஸ் (1890). ஜெரமி வுல்ஃப், டாட் ஹோரோவிட்ஸ் என்னும் உளவியலாளர்கள் 2017-இல், தேடும் கண்ணை வழிநடத்தும் காரணிகள் ஐந்து என வகுத்தனர்.

முதலாவது, பொருளின் எடுப்பான தன்மை. பச்சைத் தோட்டத்தின் நடுவே ஒரு சிவப்புச் சேலை தானே கண்ணை இழுக்கும். இரண்டாவது, தேடுபவரின் நோக்கம். கொழுந்து பறிப்பவரின் கண் தளிரின் இளம்பச்சையையே நாடும். மூன்றாவது, காட்சியின் அமைப்பு. காட்டுவழியில் நடப்பவர் அட்டையைக் காலடியில் தேடுவாரே தவிர வானத்தில் தேடமாட்டார். நான்காவது, முன்பு கண்டதன் பழக்கம். ஐந்தாவது, நாம் பொருளுக்கு அளிக்கும் மதிப்பு.

நோக்கம் ஒன்றில் குவிந்தால் மற்றவை எதிரிலிருந்தும் மறைந்துவிடும். 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் நடத்திய சோதனையில், பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணியவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர், நடுவே வந்துசென்ற கொரில்லா வேடதாரியைக் காணவே இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே காணவில்லை.

அப்படியானால் காணாதவரைக் குறைகூறுவது தகுமா? முதற்பார்வைக்காகக் குறைகூற இயலாது. சிவப்புச் சேலை கண்ணை இழுப்பது நம் வசத்தில் இல்லை. ஆனால் நோக்கம் நம்முடையது. மதிப்பும் பெரும்பாலும் நாம் வளர்த்துக்கொண்டதே. பழக்கமோ நாம் நேற்றுப் பார்த்தவற்றின் மிச்சம். வேடிக்கையையே நாளும் தேடிய கண்ணுக்கு, அயலாரின் துன்பம் கண்முன் இருந்தும் தென்படாது. அந்தக் கணத்தில் அவர் குற்றமற்றவராக இருக்கலாம். அந்தக் கண்ணை உருவாக்கிய நாட்களுக்கு அவரே பொறுப்பாளி.

இதில் நம்பிக்கையும் உண்டு. பழக்கத்தால் குறுகிய பார்வை பழக்கத்தால் விரியவும் கூடும். அலையும் கவனத்தை மீண்டும் மீண்டும் திருப்பிக் கொணரும் ஆற்றலே நல்லறிவுக்கும் ஒழுக்கத்திற்கும் வேர் என்றார் ஜேம்ஸ். பங்களாவிற்குச் செல்பவர் வழியில் ஒரு லயன் வீட்டின் முன் சற்று நின்றால் போதும். அடுத்த முறை அவரது கண் அங்கே தானாகவே நிற்கும்.