காணாததை அறிந்தோம் என்று கூறும் உரிமை

ஒரு பொருளைக் கண்ணாற் காணாமலே அது உண்டென்று துணிந்து கூறும் உரிமை எமக்கு எப்பொழுது கிடைக்கின்றது? மெய்யியலார் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா இது. வானியல் அறிஞர் பிற விண்மீன்களின் கோள்களைத் தேடிய வரலாற்றில் இவ்வினாவுக்கு ஒரு விடை கிடக்கின்றது என்பது என் எண்ணம். அவ்விடை அவர்தம் வெற்றிகளைக் காட்டிலும் தோல்விகளிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. ஆதலால் இக்கட்டுரையிற் பெரும்பகுதி தோல்விகளைப் பற்றியதாகவே அமையும்.

சூரியனைத் தவிர்ந்த பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களுள் உறுதிசெய்யப்பட்டவற்றின் தொகை 2025 ஆம் ஆண்டில் 6,000 ஐத் தாண்டியது. இவற்றுள் ஒளிப்படத்தில் ஒரு புள்ளியாகவேனும் பதிவானவை மிகச் சிலவே. காரணம் எளிது. வியாழன் தன்மேற் படும் சூரிய ஒளியைத் தெறிக்கச் செய்கின்றது. ஆயினும் தொலைவிலிருந்து நோக்கும் ஒருவனுக்கு அவ்வொளி சூரிய ஒளியின் நூறு கோடியில் ஒரு பங்களவாகவே தோன்றும். புவியின் ஒளி அதனினும் மிகக் குறைவு.

எனவே வானியலார் கோளை நோக்குவதில்லை, விண்மீனையே நோக்குகின்றனர். கோள் விண்மீனைச் சுற்றுகின்றது என்று நாம் கூறுவது வழக்குப் பற்றியே. உண்மையில் இரண்டும் தம் பொதுத் திணிவு மையத்தையே சுற்றுகின்றன. வியாழனின் ஈர்ப்பினால் எமது சூரியனும் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சிறு வட்டத்தைச் சுற்றி முடிக்கின்றது. அவ்வியக்கத்தின் வேகம் செக்கனுக்கு 12 மீற்றருக்குச் சற்றுக் கூட. உலகின் தலைசிறந்த ஓட்டவீரனின் உச்ச வேகத்தை ஒத்தது. புவியினால் விளையும் வேகமோ செக்கனுக்கு 9 சென்ரிமீற்றர் அளவானதே. இத்தகைய அசைவை அறியும் வழிகள் சில உள. விண்மீன் வானிற் பக்கவாட்டாக ஆடுவதை ஒளிப்படங்களில் அளக்கலாம். அது எம்மை நோக்கி வருகையில் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகுகையிற் சிவப்புப் பக்கமாகவும் பெயர்வதை அளக்கலாம். இதுவே டொப்ளர் முறை. அசைவை விடுத்து, கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது ஒளி மங்குவதைக் கணிப்பதும் உண்டு. 2009 இல் ஏவப்பட்டு 2018 வரை இயங்கிய கெப்லர் விண்தொலைகாட்டி இம்முறையைக் கொண்டே 2,600 க்கு மேற்பட்ட கோள்களைக் கண்டது.

கண்டது என்றேன். அச்சொல் இங்கே பொருந்துமா? கண்டது விண்மீனின் மங்கலை, கோள் கருதப்பட்டது. காண்டல், கருதல், உரை என எமது அளவை நூலோர் பிரித்த மூன்றனுள் இது கருதலின் பாற்படும். மலையிற் புகை கண்டவன் அங்கே நெருப்புண்டு என்று துணிவதே கருதலுக்கு அவர்கள் காட்டும் மரபான எடுத்துக்காட்டு. ஆனால் அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. மணிமேகலையில் அறவணவடிகள் ஏதுப் போலிகளை விரித்துரைக்குமிடத்து, ஆவியோ பனியோ என்று ஐயுறத்தக்க ஒன்றைப் புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிவதையும் ஒரு போலியாக எடுத்தோதுகின்றார். வானியலின் இடர் முழுவதும் இவ்வொரு போலிக்குள் அடங்கிவிடுகின்றது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். விண்மீன் ஆடினால் கோள் இருக்கும். ஆயின் ஆடியது விண்மீன்தானா?

பாம்பைப் பிடித்த மனிதனாகக் கிரேக்கர் உருவகித்த உடுத்தொகுதி ஒன்றுண்டு. அதிலுள்ள இரட்டை விண்மீன் ஒன்றின் ஒழுங்கற்ற அசைவுக்குக் கோளொன்று காரணமாகலாம் என்று 1855 இலேயே, சென்னை வானாய்வு நிலையத்தில் இருந்த கப்டன் ஜேக்கப் எழுதினார். அது நிலைக்கவில்லை. அதே உடுத்தொகுதியிலேதான் பார்னாட்டின் விண்மீனும் உள்ளது. எமக்கு 6 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பினும் வெறுங்கண்ணுக்குத் தோன்றாத மங்கலான விண்மீன் இது. பிற விண்மீன்கள் யாவற்றிலும் விரைவாக வானில் இடம்பெயர்வது. முழுமதியின் அகலத்தை ஏறக்குறைய 175 ஆண்டுகளிற் கடந்துவிடும்.

பீற்றர் வான் டி காம்ப் என்னும் ஒல்லாந்து நாட்டு வானியலறிஞர், அமெரிக்காவின் ஸ்வாத்மோர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்ப்ரூல் வானாய்வு நிலையத்தில் 1938 இல் இவ்விண்மீனை ஒளிப்படம் எடுக்கத் தொடங்கினார். ஆண்டுதோறும், இரவிரவாக, கண்ணாடித் தட்டுகளிற் பதிந்து, அயல் விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் நிலையை அளந்தார். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் 1963 இல், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆதாரமாகக் காட்டி, வியாழனிலும் பெரிய கோளொன்று அதனை 24 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுவதாக அறிவித்தார். அவர் அளந்த ஆட்டம் தட்டில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவே. 1969 இற் கோள் ஒன்றன்று, இரண்டு என்று திருத்தினார். பாடநூல்கள் இதனை ஏற்றன.

1973 இல் இரு செய்திகள் வெளிவந்தன. கேற்வூட், ஐக்கோர்ன் என்னும் இருவர் வேறு நிலையங்களின் தட்டுகளை அளந்து பார்த்தபோது அவ்வாட்டம் அவற்றிற் காணப்படவில்லை. ஸ்ப்ரூல் நிலையத்திலேயே பணிபுரிந்த ஹேர்ஷி என்பவர் அதே தொலைகாட்டியால் எடுக்கப்பட்ட வேறு விண்மீன்களின் தட்டுகளை ஆராய்ந்தார். பார்னாட்டின் விண்மீன் ‘ஆடிய’ அதே ஆண்டுகளில் அவையும் ஆடியிருந்தன. 1949 இல் வில்லையைத் தாங்கும் சட்டம் மாற்றப்பட்டிருந்தது. 1957 இல் வில்லை மீண்டும் சரிசெய்யப்பட்டிருந்தது. ஆடியது தொலைகாட்டி.

வான் டி காம்ப் இதனை ஏற்கவில்லை. ஓய்வுபெற்ற பின்னரும், 1980 களிலும், தம் கோள்களைப் பற்றி எழுதினார். 1995 மே மாதத்தில் மறையும்வரை தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். அவரைப் பொய்யர் என்று எவரும் கூறியதில்லை, கூறவும் முடியாது. ஒரு தட்டையேனும் அவர் மறைத்தாரில்லை. அவ்வாறாயின் அவர் தவறியது எங்கே? தவறான முடிவுக்கு வந்தமை குற்றமன்று; அரிதான அளவீட்டில் அது எவர்க்கும் நேரக்கூடியது. விண்மீனை ஐயுற்றது போலத் தம் கருவியை அவர் ஐயுறவில்லை என்பதே என் முறைப்பாடு. பிறர் ஐயுற்றுக் காட்டியபோதும் ஐயுற மறுத்தார். வாழ்நாளின் பாதியை ஒரு விண்மீனுக்குக் கொடுத்தவருக்கு அது எளிதன்று என்பதை நான் உணராமல் இல்லை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று. 1991 யூலையில், இங்கிலாந்தின் ஜொட்றல் பாங்க் நிலையத்தைச் சேர்ந்த அன்ட்ரூ லைனும் அவர்தம் குழுவினரும், பல்சார் ஒன்றைச் சுற்றும் கோளைக் கண்டதாக அறிவித்தனர். பல்சார் என்பது விரைந்து சுழலும் நியூத்திரன் விண்மீன். அதன் வானொலித் துடிப்புகள் மணிக்கூட்டின் ஒழுங்குடன் வந்துசேர்வன. துடிப்புகள் சற்று முந்தியும் பிந்தியும் வருமாயின் பல்சார் ஆடுகின்றது என்று கருதலாம். ஆனால் அவற்றைக் கேட்கும் நாமும் புவியோடு சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றோம். எமது இயக்கத்தைக் கணக்கிற் கழித்த பின்னரே எஞ்சுவதைப் பல்சாருக்கு உரியதாக்கலாம். லைன் குழுவினர் கண்ட கோள் தன் சுற்றை ஆறு மாதங்களில் முடித்தது. ஆறு மாதம் எமது ஆண்டிற் சரிபாதி என்பது அவர்களையும் உறுத்தியே இருந்தது.

1992 சனவரியில் அத்லாந்தா நகரிற் கூடிய அமெரிக்க வானியற் கழகத்தில் இக்கோளைப் பற்றி உரையாற்ற லைன் அழைக்கப்பட்டிருந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே தவறு அவருக்குப் புலனாயிற்று. பல்சார் இருக்கும் திசையைச் சிறிது பிழையாகக் கொண்டிருந்தனர். புவியின் நீள்வட்டப் பாதையையும் கணிப்பின் ஒரு கட்டத்தில் எளிமைப்படுத்தி விட்டிருந்தனர். இரண்டும் சேர்ந்து எஞ்சவிட்ட ஆட்டமே கோளாகத் தோன்றியது. பிறிதோர் உலகின் இயக்கம் என்று அவர்கள் கொண்டது தாம் நின்ற உலகின் இயக்கமே. லைன் மேடையேறினார், கோள் இல்லை என்றார், தவறு நேர்ந்த வகையை விளக்கினார். அவையோர் எழுந்து நின்று கரவொலி செய்தனர்.

தவறியவனுக்குக் கரவொலி ஏன் என்று கேட்கலாம். தவற்றை ஒப்புக்கொள்வதை ஒரு நாடகப் பண்பாக்கிவிடும் போக்கு எனக்கும் உவப்பானதன்று. ஆனால் அடுத்து நிகழ்ந்ததை நோக்குக. லைனைத் தொடர்ந்து பேசியவர் போலந்து நாட்டவரான அலெக்சாண்டர் வொல்ஸ்ஸான். அவரும் வேறொரு பல்சாரைச் சுற்றும் இரு கோள்களையே அறிவிக்க வந்திருந்தார்! ஒன்றின் சுற்றுக்காலம் 66 நாள். மற்றையதன் சுற்றுக்காலம் 98 நாள். சற்றுமுன் ஒரு கோள் கண்முன்னே மறைந்த அவையில் அவர் கூற்று எவ்வாறு நம்பப்பட்டது? அவருடன் உழைத்த டேல் ஃபிறெயில் என்பவர், அப்பல்சாரின் திசையை வேறொரு தொலைகாட்டித் தொகுதியால் தனியாக, மிக நுட்பமாக அளந்திருந்தார். லைனின் கோளை இல்லாததாக்கிய வழு எதுவோ, அவ்வழுவுக்கு இங்கே இடமில்லை என்பதை அவையோர் அறிய முடிந்தது. அவை இன்றும் நிலைபெற்றுள்ள கோள்கள். சூரியனுக்கு அப்பால் முதலில் உறுதிப்பட்டவை.

காணாததை அறிந்தோம் என்று கூறும் உரிமையை நான் இங்கேதான் காண்கின்றேன். எமது கூற்றுப் பொய்யாகக்கூடிய வழிகளை நாமே தேடிச் சென்று, ஒவ்வொன்றையும் பிறர் சோதிக்கத்தக்க வகையில் அடைத்த அளவுக்கே அவ்வுரிமை உண்டு. மிஷேல் மேயர், டிடியே கெலோ ஆகிய இருவரும் சூரியனையொத்த விண்மீனொன்றின் கோளை முதன்முதல் அறிந்தபோது செய்ததும் இதுவே. அக்கோள் தன் விண்மீனை நாலேகால் நாளிற் சுற்றியது. வியாழனைப் போன்ற பெருங்கோள் அத்துணை நெருக்கத்தில் இருக்கும் என்று அன்றைய கொள்கை எதிர்பார்க்கவில்லை. 1995 இன் தொடக்கத்தில் அவர்கள் கையில் அளவீடுகள் இருந்தன. அறிவிக்கவில்லை. விண்மீன் சூரியனுக்குப் பின்னால் மறைந்து மீண்டும் தோன்றும்வரை காத்திருந்து, யூலையில் அதன் வேகம் தம் கணிப்பின்படியே மாறுகின்றதா என்று பார்த்தனர். ஒத்தோபரில் அறிவித்தனர். வான் டி காம்ப் மறைந்து அப்பொழுது ஐந்து மாதம்.

இவ்வளவும் பெரியோர் கதை. எமக்கும் இதற்கும் தொடர்பென்ன என்று மாணவ நண்பர் கேட்கலாம். நான் மாணவனாயிருந்தபோது எளிய ஊசலைக் கொண்டு ஈர்ப்பார்முடுகலைத் துணியும் பரிசோதனையில் 9.4 என்ற பெறுமானம் வந்தது. நூலில் 9.81 இருந்தது. வாசிப்புகள் இரண்டினைத் திருத்தி எழுதினேன். முழுப் புள்ளியும் கிடைத்தது. என் நூல் ஒரு முளையிலன்றி வளைந்த ஆணியிற் கட்டப்பட்டிருந்ததென்றும், அதன் நீளத்தை நான் பிழையாக அளந்தேனென்றும் பின்னரே உணர்ந்தேன். நான் எழுதிய விடை உண்மையான விடை. ஆனால் அதை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் அழித்துவிட்டேன்.

உண்மையைக் கூறுவதும் உண்மையை அறிவதும் வேறென்னும் இவ்வேறுபாடு வெறும் பள்ளிக்கூட வேறுபாடன்று என்பதற்குப் பார்னாட்டின் விண்மீனே மீண்டும் சான்றாயிற்று. 2018 இல் அதனைச் சுற்றும் கோளொன்று அறிவிக்கப்பட்டது. 2021 இல் அது விண்மீனின் மேற்பரப்பு மாற்றங்களால் எழுந்த மயக்கம் என்று காட்டப்பட்டது. பின்னர் 2024 இற் சிலி நாட்டின் பெருந்தொலைகாட்டி கொண்டு, 3.15 நாளிற் சுற்றும் சிறுகோளொன்று அறியப்பட்டது. 2025 இல் ஹவாயிலிருந்து வேறொரு கருவியால் அளந்தோர் அதனை உறுதிசெய்து, மொத்தம் நான்கு கோள்கள் உண்டென்றனர். யாவும் புவியிலும் மிகச் சிறியன. ஏழு நாளுக்குட் சுற்றி முடிப்பன. அவற்றினால் விண்மீன் பெறும் வேகம் மனிதன் ஆறுதலாக நடக்கும் வேகத்திலும் குறைவு.

ஆகவே பார்னாட்டின் விண்மீனுக்குக் கோள்கள் உண்டு என்று வான் டி காம்ப் முப்பதாண்டு வற்புறுத்தியது உண்மையாகவே முடிந்தது. அவரை இதனாற் பெருமைப்படுத்தும் ஆவல் சிலர்க்கு எழலாம். எனக்கும் ஒருகணம் எழுந்தது. ஆனால் இந்நான்கும் சேர்ந்து அவ்விண்மீனைப் பக்கவாட்டில் அசைக்கும் அளவு, அவருடைய இரண்டாயிரம் தட்டுகளில் எந்த ஒன்றிலும் பதிந்திருக்கவே முடியாதது.