பின்னால் அமர்ந்திருப்பவர்கள்

2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்துக்கொண்டது. இந்த ஊரில் வாழ்ந்து, இங்கேயே படம் வரைந்து பிழைப்பவள் நான். ஊரின் அழகு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது என் தொழிலோடு ஒட்டிய பழக்கம். பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவாகிக்கொண்டே வருகிறது. உடையோ சிற்பமோ பாட்டோ உடல்நலமோ, எதை எடுத்தாலும் நம் கண்ணுக்கு முன்னால் நிற்பதை ஏதோ ஒன்று பின்னாலிருந்து தாங்குகிறது. சில இடங்களில் அது ஒரு ஆள், சில இடங்களில் ஒரு பொருள், சில இடங்களில் வெறும் மூச்சு. அவற்றைப் பற்றி அவ்வப்போது எழுதி வைத்த குறிப்புகள் இவை.

தறி

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து, சேரும் ஓரத்தில் ஒன்றோடொன்று கோத்துவிடுவார்கள். பட்டு இழை கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரம் அதில் சேர்ப்பது இந்தக் கோக்கும் கையை.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறி. கணவர் குழிக்குள் கால்களை இறக்கி மிதிக்கிறார். மனைவி வலப்பக்கம், அதே பலகையில். இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடல் நாடா கரையின் எல்லையைத் தொட்டதும் அதன் இழையில் கரை நாடாவின் இழையை மாட்டித் திருப்ப வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இதே வேலை. வலது ஓரத்தை அந்த அம்மா பார்த்துக்கொள்கிறார். மாட்டல் தளர்ந்தால் ஓரம் இளித்துவிடும், இறுகினால் சுருங்கிவிடும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. மிதி எழும் சத்தத்திலேயே அந்த அம்மாவின் கைக்கு முறை தெரிந்துவிடுகிறது.

“கூலி அவர் பேர்ல வரும், அக்கா. நான் தார் சுத்துறது, கரை போடுறது எல்லாம் அதுலயே அடங்கினதுதான்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்கு இப்படி என்று விளக்கினார்.

முன்பெல்லாம் அந்த வலப்பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அதுதான் நியாயம். ஆனால் அந்த இடத்துக்கென்று தனிக் கூலி கொடுத்து வேறொருவரை உட்கார வைக்கத் தொழில் இன்னும் சரியாக வழி செய்யவில்லை. கூட ஒரு கை கிடைக்காததால் கோர்வை இல்லாத கரைகள் பெருகிக்கொண்டு போகின்றன. நெய்பவர் இருக்கும்போதே, துணைக்கு ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு கலை தேய்கிறது.

இப்போதெல்லாம் புடவை எடுக்கும்போது கரையைத் திருப்பி மறுபக்கம் பார்க்கிறேன். இரு நிறமும் மாட்டிக்கொண்ட தடம் அங்கே தெரிகிறது. அந்த அம்மாவின் கை இருப்பது அந்தத் தடத்தில்தான்.

மெழுகு

எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. அந்த உடலின் ஒயிலைப் பார்க்கிறவர்கள் உலோகத்தை வியக்கிறார்கள். ஆனால் ஸ்தபதியின் விரல் பட்டு உருவம் பிறந்தது உலோகத்தில் அல்ல, மெழுகில்.

சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். தென்னங்கீற்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, இடை, முழங்கால் என்று அளவு குறிப்பார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் முழு உருவத்தையும் பிடிப்பார்கள். விரல் நகம், மேகலையின் தொங்கல் வரை மெழுகிலேயே முடிந்துவிடும். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் மூர்த்தி. அச்சும் அதோடு முடிந்தது. இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நல்ல சோழர் வெண்கலத்தின் முதுகையும் பார்க்க வேண்டும். கூந்தல் சுருள்கள், ஆரத்தின் பின்முடிச்சு, ஆடையின் மடிப்பு எல்லாம் முன்புறத்தைப் போலவே தீர்க்கமாக இருக்கும். உற்சவத்தில் பட்டும் பூமாலையும் சாத்தினால் முகம் தவிர வேறெதுவும் தெரியாது என்பது செய்தவருக்குத் தெரியும். தெரிந்தும் முதுகை முழுமையாகச் செய்தார். ஒரு வேலையின் தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் இதுதான்.

மெழுகுக்குச் சென்னையில் இன்னொரு கதையும் உண்டு. கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த ஓவியர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அன்றைக்குச் சென்னையில் நவீன ஓவியத்தை வாங்க ஆள் குறைவு. அதனால் அவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால் மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை நீக்கிவிடலாம். அந்த விற்பனையில் வந்த பணம் நிலம் வாங்க உதவியது, அடுப்பெரிய உதவியது. இந்தியக் கலை வரலாற்றில் இன்று மெட்ராஸ் இயக்கம் என்று பேர் பெற்று நிற்பதற்கு அடியில், யாரோ தைத்து உடுத்திக் கிழிந்துபோன பாத்திக் துணிகள் இருக்கின்றன. ஓவியம் உயர்ந்தது, உடுப்பு அலங்காரம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் ஈஞ்சம்பாக்கத்துக்கு ஒருமுறை போய்வரலாம்.

சுருதி

1927-இல் மதராஸில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. அன்று தொடங்கிய மார்கழிக் கச்சேரி வழக்கம் இன்று ஊர் முழுக்கச் சபாக்களாக விரிந்திருக்கிறது. அழைப்பிதழில் பாட்டுக்கு ஒரு பெயர், வயலினுக்கு ஒரு பெயர், மிருதங்கத்துக்கு ஒரு பெயர், கடத்துக்கோ கஞ்சிராவுக்கோ ஒரு பெயர். தம்புராவுக்குப் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை.

தம்புராவுக்கு நான்கு கம்பிகள். நடுவிரல் பஞ்சமத்தை மீட்டும். ஆள்காட்டி விரல் சாரணி, அனுசாரணி என்ற இரு கம்பிகளையும் தொட்டு மந்தரக் கம்பியில் இறங்கும். பிறகு மறுபடி பஞ்சமம். கச்சேரி முடியும்வரை இதே சுற்று. பாடுகிறவர் ஆதி தாளத்தில் இருந்தாலும் கண்ட சாபுவில் இருந்தாலும் மீட்டுகிறவர் அதில் கலந்துவிடக் கூடாது. தனி ஆவர்த்தனத்தில் அரங்கமே தொடையில் தட்டிக்கொண்டிருக்கும்போதும் அவர் விரல் தாளத்துக்கு இழுபடக் கூடாது. கச்சேரியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு அதன் வேகத்துக்கு வெளியே இருப்பது பெரிய சாதகம்.

குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சிறு நூல் இருக்கும், ஜீவா என்பார்கள். அதை மயிரிழை அளவு நகர்த்தினால் நாதம் மாறிவிடும். கம்பி குதிரையின் தட்டையான முகத்தை உரசி உரசி அதிரும்போது அதன் உள்சுரங்கள் எல்லாம் எழுந்து வருகின்றன. நன்றாகச் சேர்ந்த தம்புராவில் காந்தாரம் கேட்கும். நான்கு கம்பிகளில் எதுவும் காந்தாரத்துக்குக் கூட்டப்பட்டது அல்ல. மந்தர சட்ஜத்துக்குள்ளிருந்து அது தானாக வருகிறது. முதல் முறை அதைக் காதில் பிடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இப்போது பல மேடைகளில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. வீட்டில் பாடிப் பழகுகிறவர்களுக்கு அது பெரிய வரம். மேடையிலோ, கேட்டுக்கொண்டே மீட்டுகிற ஒரு மனிதர் இருப்பதால் வருகிற நாதம் வேறு. கம்பி இறங்குவதை அவர் காது முதலில் அறியும், பாட்டு ஏறும்போது அவர் விரல் இதமாகும். அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு மாணவியோ மாணவனோ அமர்ந்திருப்பார். மேடையில் மிக அதிகமாகக் கேட்டவர் அவராகத்தான் இருப்பார்.

மூச்சு

யோகப் பாய்களும் அதற்கான உடுப்புகளும் கடைகளில் நிறைந்துவிட்ட காலம் இது. உலகம் முழுக்கப் பேர் பெற்ற பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி மூவருக்கும் ஆசிரியர் ஒருவரே. திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1888-இல் பிறந்து 1989 வரை வாழ்ந்தவர். வாழ்க்கையின் பிற்பகுதி முழுவதும் சென்னையில்தான் கழிந்தது. அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் இங்கே கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆசனத்தை ஆளுக்கேற்ப மாற்றிச் சொல்லிக் கொடுப்பதும், அசைவுக்கு முன்னால் மூச்சை வைப்பதும் அவர்கள் வழி.

நாள் முழுக்கக் குனிந்து வரைகிறவளுக்குக் கழுத்தும் தோளும் கல்லாகிவிடும். நான் கற்றுக்கொண்டது எளியது: கையைத் தூக்கும்போது மூச்சை இழு, குனியும்போது விடு, விடுவதை இழுத்ததைவிட நீளமாக்கு. மூச்சை உள்ளே இழுக்கையில் இதயத் துடிப்பு சற்று கூடும், வெளியே விடுகையில் குறையும். ஆரோக்கியமான உடலில் இது இயல்பாக நடக்கிறது. விடுமூச்சு நீண்டால் உடல் தானாக அமைதிக்கு வருகிறது.

இழுப்பதைத்தான் நாம் மூச்சு என்று நினைக்கிறோம். விடுவதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அடுத்த மூச்சுக்கு இடம் கொடுப்பது அதுதான்.

கடைசிக் குறிப்பு

அழகையும் அமைதியையும் விலை கொடுத்து வாங்கச் சொல்லும் குரல்கள் இந்த ஊரில் நிறைய. எனக்குக் கிடைத்த அமைதி பெரும்பாலும் வேறு வழியில் வந்தது. முன்னால் நிற்பதைப் பார்த்து முடித்த பிறகும் நகராமல், அதைத் தாங்குவது யார், எது என்று பார்த்த நேரங்களில் வந்தது. அப்படிப் பார்க்கும்போது நம்மைப் பற்றிய கவலை சற்று ஒதுங்கிக்கொள்கிறது. நன்றி சொல்ல ஆள் தெரிகிறது.

பார்ப்பதோடு நின்றுவிடவும் கூடாது. கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுப் புடவைகளில் நெய்தவரின் படமும் பெயரும் அச்சிட்ட அட்டையை வைத்தது. அருமையான செயல். அந்த அட்டையில் வலப்பக்கம் அமர்ந்தவரின் பெயரும் வர வேண்டும், கூலிக் கணக்கிலும் வர வேண்டும். சபா நடத்துகிறவர்கள் அழைப்பிதழில் தம்புராவுக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். அதற்கு ஒரு பைசா கூடச் செலவில்லை.

இந்த மார்கழியில் நீங்கள் கச்சேரிக்குப் போனால், பாட்டு தொடங்குமுன் தம்புராவைக் கேளுங்கள். முடிந்ததும் மேடைக்குப் போய், மீட்டியவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.