சந்நிதியில் வாங்கிய காசு

கோயிலில் வாசித்து வாங்கும் காசுக்கு வருமான வரி உண்டா? எங்கள் மேளக்காரர் நடுவே இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. 18 வயது நிரம்பியவர்கள் 2024 முதல் வரி இலக்கம் எடுக்கவேண்டும் என்று இலங்கை அரசு அறிவித்ததிலிருந்து இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி என்று மேளம் வாழும் ஊர்களில் எல்லாம் இதே பேச்சுத்தான். போன திருவிழாக் காலத்தில் என்னோடு தவில் வாசிக்கும் தம்பி ஒருவர் நேராகவே கேட்டார்: “அண்ணை, அது சாமி தந்த காசெல்லோ? அதுக்கும் கணக்குக் காட்ட வேணுமோ? அப்பர் சுவாமிகளே அரசனுக்கு அடங்கமாட்டன் எண்டு நிண்டவர்தானே?”

அந்தத் தம்பிக்கு அன்று சொன்னது போதாது. அதனால் இதை எழுதுகிறேன். நான் நாதஸ்வரம் வாசிப்பவன். கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசித்துத்தான் குடும்பம் நடக்கிறது. மாதச் சம்பளம் கிடையாது. சித்திரையில் கொடியேற்றங்கள் தொடங்கினால் ஆவணியில் நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடியும்வரை ஓய்வில்லை. மார்கழியில் திருவெம்பாவை தவிர வேறு வேலை குறைவு. இப்படி ஏறி இறங்கும் வருமானத்தில் எது என்னுடையது, எது என்னுடையது அல்ல என்ற கேள்வி எனக்கு வெறும் கணக்குக் கேள்வி அல்ல, சமயக் கேள்வி.

முதலில் சட்டம் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமானது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி நாங்கள் வாங்கும் சேவைக் கட்டணம் தொழில் வருமானம். தொழிலின் பொருட்டுக் கிடைக்கும் அன்பளிப்பும் அதற்குள் அடங்கும். மல்லாரி முடிந்த கையோடு உபயகாரர் வந்து சட்டைப் பையில் செருகிவிட்டுப் போகும் நோட்டும், வெளிநாட்டிலிருந்து வந்த அடியவர் தட்டத்தில் வைத்துத் தரும் காசும் கணக்கில் வரவேண்டியவையே. கோயில், கல்யாண மண்டபம் என்ற பிரிப்பு அங்கே இல்லை.

அதே சட்டம், வருமானம் தேடச் செய்த செலவைக் கழிக்கவும் விடுகிறது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 ரூபாய். செலவெல்லாம் போக ஒருவருக்கு ஆண்டில் 24 இலட்சம் மிஞ்சினால், அவர் கட்டவேண்டியது 36,000 ரூபாய். எங்களில் பலர் அந்த 18 இலட்சத்தையே எட்டுவதில்லை. ஆக, பெரும்பாலான மேளக்காரரை அழுத்துவது வரித்தொகை அல்ல. கணக்கு எழுதவேண்டும் என்பதே அவர்களுக்குப் பாரமாக இருக்கிறது.

ஏன் பாரமாகிறது? கோயிலில் வாங்குவதைக் கூலி என்று சொல்ல எங்களுக்கு நாக்கூசுகிறது. அது சேவை, அது பிரசாதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இதற்கு ஒரு சரித்திரமும் காட்டலாம். சோழர் காலத்தில் கோயில் நிலங்கள் பல வரி நீக்கிய இறையிலியாக விடப்பட்டன. அந்த நிலங்களின் விளைச்சலில்தான் கோயில் கலைஞர் வாழ்ந்தார்கள். எனவே இறைவன் முன்னால் வாசிப்பவனுக்கு வரி இல்லை என்பதுதானே மரபு என்று கேட்கலாம்.

அந்த மரபைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கென்று 400 ஆடல் மகளிரைக் குடியமர்த்தினான். ஒருத்திக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. அந்தப் பெண் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் இருக்கிறாள் என்பது வரை கோயில் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். கருவி வாசித்தவர்களின் பங்குகளும் அங்கேயே உண்டு. தேவாரம் விண்ணப்பம் செய்தவர்களுக்கும், அவர்களோடு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசித்தவர்களுக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. வரி விலக்கு இருந்தது உண்மை. அந்த விலக்கோடு கணக்கும் இருந்தது. சாமிக்கு வாசித்தவன் என்ன வாங்கினான் என்பதை ஊரே வாசிக்கும்படி கல்லில் எழுதிவைத்த மரபு அது. மறைப்பதற்கு அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இனி அப்பர். பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது அவர் போக மறுத்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. சைவராய்ப் பிறந்த எவருக்கும் அந்த இடத்தில் மெய்சிலிர்க்கும். ஆனால் அதே அப்பர் திருப்புகலூரில் உழவாரப் பணி செய்தபோது மண்ணில் பொன்னும் மணியும் தோன்றின என்றும், அவற்றைப் பரற்கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் அதே நூல் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். பொன்னைக் கல்லாகக் கண்ட கைதான் அரசனுக்கு மறுப்புச் சொன்னது. அச்சாரம் வாங்கி, பேசிய தொகையில் மிச்சம் எப்போது வரும் என்று நாலு தரம் தொலைபேசியில் கேட்கும் நான், என் சட்டைப் பையைக் காக்க அவருடைய வார்த்தையைக் கடன் வாங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அரசனுக்கு மறுப்புச் சொல்வதே பிழை என்று நான் வாதிடவில்லை. எங்கள் வடகரைக்கு எதிரே கடல் தாண்டினால் வேதாரண்யம். 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் அங்கே உப்பு அள்ளினார். எல்லாரும் பார்க்க அள்ளிச் சிறைக்குப் போனார். எங்கள் ஊரிலேயே 1961இல் தந்தை செல்வாவும் மற்றவர்களும் யாழ்ப்பாணக் கச்சேரி எனும் அரச செயலக வாசலில் வாரக்கணக்காக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள், சொந்தத் தபால் முத்திரைகூட வெளியிட்டார்கள். கட்டமாட்டேன் என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்லி, அதற்கான தண்டனையையும் ஏற்பாரானால் அவர் முன் நான் தலைவணங்குவேன். கட்டவேண்டியதை மறைத்துவிட்டு அதற்கு இனப்பற்று என்றோ பக்தி என்றோ பெயர் வைப்பதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

இந்த அரசுக்கா என்று கேட்பவர்களின் நெஞ்சில் இருப்பது எனக்கும் தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 1995 ஐப்பசியில் போரினால் யாழ்ப்பாணமே ஒரே இரவில் எழுந்து நடந்ததையும் மறந்துவிட்டு வரி கட்டு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்த இரவில் நாதஸ்வரத்தை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களில் நானும் ஒருவன். ஆயினும் அரசு என்பது கொழும்பில் இருக்கும் முகங்கள் மட்டும் அல்ல. காய்ச்சல் என்றால் நாங்கள் ஓடுவது யாழ் போதனா வைத்தியசாலைக்கு, அங்கே காசு கேட்பதில்லை. என் மகள் இசை படித்தது மருதனார்மடத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவில், கட்டணம் இல்லாமல். மேளக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை பட்டம் வாங்கும் காலம் வந்தது யாரோ கட்டிய வரியினால். அந்த யாரோவில் நான் சேரமாட்டேன் என்று சொல்ல எனக்கு நியாயம் இல்லை.

எங்கள் இலக்கியம் வரியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அரசனைப் பார்த்தே பேசுகிறது. வேலோடு வழிமறிக்கும் கள்வனைப்போல் கேட்காதே என்கிறார் வள்ளுவர். வயலில் யானை புகுந்தாற்போல் மிதித்து வாங்காதே என்கிறார் பிசிராந்தையார். கொடுப்பவனைப் பார்த்து யார் பேசினார் என்று தேடியபோது, திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்துக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் ஓர் இடம் கிடைத்தது. இல்லறத்தான் ஓம்பவேண்டியவை ஐந்து என்று வள்ளுவர் சொல்கிறார்: தென்புலத்தார், தெய்வம், விருந்து, சுற்றம், தான். இந்த ஐந்துக்கும் ஐந்து கூறு வேண்டியிருப்பதால்தான் அரசன் வாங்குவது ஆறில் ஒன்றாயிற்று என்று பரிமேலழகர் விளக்குகிறார்.

இந்த விளக்கத்தில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு. அரசனின் பங்குக்கு எல்லை உண்டு, அது மற்ற ஐந்தையும் விழுங்கக்கூடாது. 18 இலட்சம் வரை கேட்காதே என்று இன்றைய சட்டம் சொல்வதிலும் அந்த நியாயத்தின் சாயல் இருக்கிறது. அதேபோல் எனக்கும் எல்லை உண்டு. ஆறு கூற்றில் “தான்” என்பது ஒன்றே ஒன்று.

ஒரு திருவிழாவுக்கு 1,20,000 ரூபாய் பேசினோம் என்று வையுங்கள். வாங்குவது மூத்தவன் என்று என் கை. ஆனால் அதில் தவில்காரர் இருவருக்கும் 25,000 வீதம் போகிறது. இரண்டாம் நாதஸ்வரத்துக்கு 20,000, தாளம் போடும் பிள்ளைக்கு 8,000, வானுக்கு 10,000. என் பங்கு 32,000. இதைக் கொப்பியில் எழுதிப் பார்க்காத காலத்தில் ஊர் என்னை 1,20,000 ரூபாய்க்காரன் என்றது, சில வேளை நானும் அப்படியே நினைத்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் என் கையில் வருவதில் எவ்வளவு என் வழியாகப் போவது மட்டுமே என்பது விளங்கியது.

அந்த 32,000மும் முழுக்க என்னுடையதா? நான் ஊதுவது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த குழல். அதன் நுனியில் இருப்பது காவிரிக்கரை நாணலில் செய்த சீவாளி. நாக்கின் ஈரம் ஏறி அது பதத்துக்கு வரும்வரை எந்த வித்துவானும் காத்திருக்கத்தான் வேண்டும். விரலில் இருக்கும் கமகம் குருநாதர் போட்டது. காதில் நிற்பது இணுவில் தட்சிணாமூர்த்தியின் தவிலும் அளவெட்டி பத்மநாதனின் தோடியும். மூச்சு மட்டும் என்னுடையது என்று சொல்லலாம் என்றால், அதைத் தந்தவன் முன்னால்தானே நின்று ஊதுகிறேன்? “நான்”, “எனது” என்ற இரண்டையும் ஆணவ மலத்தின் வேலை என்கிறது எங்கள் சித்தாந்தம். அதைக் கழற்றச் சந்நிதிக்குப் போகிறோம். அதே சந்நிதியில் வாங்கியதை இது முழுக்க எனது என்று மடியில் முடிந்துகொண்டு திரும்பினால் போனதன் பயன் என்ன?

தம்பிக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு, இது எங்கள் மானம் பற்றியது. என் பாட்டனாருக்குக் கிடைத்தது நெல்லும் வேட்டியும். எவ்வளவு என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை, தந்ததை வாங்கவேண்டும். விடிய விடிய வாசித்தவரை வீட்டுப் படியில் ஏறவிடாத காலம் அது. அது தானமாகவே இருந்ததால்தான் அவர் கைநீட்டி நின்றார். இன்று நான் தொகை பேசுகிறேன், பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கிறேன், ஆண்டு முடிவில் இன்ன தொழில் செய்து இவ்வளவு உழைத்தேன் என்று நவம்பர் 30க்குள் கையொப்பமிட்டு அறிக்கை கொடுக்கிறேன். நாதஸ்வரக் கலைஞர் என்று அந்தப் படிவத்தில் எழுதும்போது என் பாட்டனாருக்குக் கிடைக்காத ஓர் இடத்தில் நிற்கிறேன். கணக்கில் வராத காசு அன்பளிப்பாகவே இருக்கும். அன்பளிப்பைக் குறைக்கலாம், தாமதிக்கலாம், அடுத்த வருசம் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். எழுதப்பட்ட ஊதியத்தை அப்படி இலகுவில் தட்டிவிட முடியாது. வங்கியில் கடன் கேட்டபோது எனக்காகப் பேசியதும் அந்த அறிக்கைதான்.

எங்கள் ஊர்க் கோயிலில் நான் காசு வாங்காமல் வாசிக்கிறேன். அதற்குப் பெறுமதி போட்டு எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை, எழுதவும் மாட்டேன். அது தெய்வத்தின் கூறு. வாங்கிய இடத்தில் வாங்கினேன் என்று எழுதுவதால்தான் வாங்காத இடத்தில் என்னால் மனமாரச் சேவை என்று சொல்லமுடிகிறது. இரண்டையும் குழப்பினால் ஊதியமும் கெடும், சேவையும் கெடும்.

ஆகவே தம்பி, இதுதான் என் பதில். ஒரு கொப்பி வாங்கு. ஒவ்வொரு வாசிப்புக்கும் திகதி, இடம், வாங்கியது, பிரித்தது, செலவு என்று ஐந்து கோடு போடு. எல்லைக்குக் கீழே நின்றால் கட்டாதே, மேலே போனால் கட்டு. கட்டியபின் இறைவரித் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போய் எங்களுக்கு விளங்கும் தமிழில் படிவம் வேண்டும் என்று கேள். ஆண்டில் ஒருநாள் இணுவிலுக்கு வந்து மேளக்காரருக்குச் சொல்லித்தாருங்கள் என்று கேள். கைநடுங்கி வாசிப்பு நின்ற முதியவர்களுக்கு இந்த வரியிலிருந்து என்ன செய்கிறீர்கள் என்றும் கேள். நானும் உன்னோடு வருகிறேன். எங்கள் பாட்டன்மார் கேட்கமுடியாமல் போனதை எல்லாம் நாங்கள் கேட்கவேண்டும். அதற்கு எங்கள் கணக்கு நேராக இருக்கவேண்டும்.