கடையில் உட்கார்ந்தது யார்?

உங்கள் கண்ணீரில் லைசோசைம் என்றொரு புரதம் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை உடைக்கிற காவல்காரன். பல கோடி வருஷங்களுக்கு முன் இதன் மரபணு தவறுதலாக இரண்டு பிரதி ஆகிவிட்டது. பி.காம். படித்த நானாக இருந்தால் டூப்ளிகேட் பில் என்று கிழித்துப் போட்டிருப்பேன்!

ஒன்று காவலைப் பார்த்துக்கொண்டது. மற்றதில் பிழைகள் சேர்ந்தன. பெரும்பாலும் இப்படிப்பட்ட நகல்கள் கெட்டு வீணாகிவிடும். இதுவோ ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற புதுப் புரதத்தைத் தந்தது. பாலில் லாக்டோஸ் சர்க்கரை உருவாக அது வேண்டும். தாய்ப்பாலின் இனிப்பு அந்தப் பிழையின் உபயம்.

என் அண்ணன் மளிகைக் கடையில் உட்கார்ந்தார். நான் இஷ்டம்போல் எழுத வந்தேன். பாராட்டெல்லாம் எனக்குத்தான். 'உனக்கு என்ன ஆகணும்னு ஆசை இருந்துச்சுண்ணே?' என்று இதுவரை நான் கேட்டதில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டீர்களா?